டிரை கிளீனிங்கில் ரஜாய் பாழானால் என்ன செய்வது?

சென்னை மாதவரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் பல வீடுகளில் நடக்கும் வேலை இது. பரணிலும் பீரோவிலும் கிடந்த கனத்த படுக்கைத் துணிகளை வெளியே எடுப்பார்கள். ஈரக்காற்றில் பூஞ்சண வாடை ஏறியிருக்கும். லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையின் புழுதி ஜன்னல் வழியே வந்து மடிப்புகளில் படிந்திருக்கும். கல்யாணச் சீரோடு வந்த பட்டு ரஜாயை (பஞ்சு அடைத்துத் தைத்த கனத்த போர்வை) தண்ணீரில் நனைக்க மனம் வராது. அதனால் அது டிரை கிளீனிங் கடைக்குப் போகும்.

நான்கு நாள் கழித்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் திரும்பி வருகிறது. பிரித்துப் பார்த்தால் சிவப்புக் கரையின் சாயம் வெள்ளைப் பட்டில் இறங்கியிருக்கிறது. உள்ளே பஞ்சு உருண்டு கட்டிகட்டியாக நிற்கிறது. கடையில் கேட்டால் ரசீதைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டுகிறார்கள்: “சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல.”

அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படி வர வேண்டியதில்லை. பின்பக்கத்தில் கடை அச்சடித்த வரிக்குச் சட்டத்தில் நீங்கள் நினைக்கும் அளவு பலம் கிடையாது. முன்பக்கத்தில் நீங்கள் எழுதவைக்கும் வரிக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக பலம் உண்டு. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பக்கங்களைப் பற்றியது.

டிரை கிளீனிங் என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

பெயரில் ‘டிரை’ என்று இருந்தாலும் துணி நனையத்தான் செய்கிறது. தண்ணீருக்குப் பதில் ஒரு கரைப்பானில் (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்து எடுக்கும் வேதித் திரவம்) நனைகிறது. நம் ஊரில் இதைப் ‘பெட்ரோல் வாஷ்’ என்று சொல்வதும் அதனால்தான். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் டர்பன்டைன் வகைத் திரவத்தைச் சில கடைகள் பயன்படுத்துகின்றன. பெரிய இயந்திரம் வைத்திருப்பவர்கள் பெர்க்ளோரோஎத்திலீன் என்ற திரவத்தைப் பயன்படுத்துவது உண்டு.

துணியை ஒரு உருளையில் போட்டு அந்தத் திரவத்தில் சுழற்றுவார்கள். பிறகு பிழிந்து, சூடான காற்றில் உலர்த்தி, நீராவியில் பிரஸ் செய்வார்கள். பயன்படுத்திய திரவத்தைக் கொட்டிவிடுவதில்லை. வடிகட்டியோ காய்ச்சி வடித்தோ அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

தண்ணீரே இல்லை என்றால் சேதம் எப்படி வருகிறது?

மேலே சொன்ன ஒவ்வொரு படியிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. திரவத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் மறுபடி பயன்படுத்தினால், பிறர் துணியின் அழுக்கு உங்கள் வெள்ளை விரிப்பில் படிந்து சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். கனத்த ரஜாயை முழுதாக உலர்த்தாமல் கொடுத்தால் மண்ணெண்ணெய் போன்ற வாடை வீசும். சூடு அதிகமானால் வெல்வெட்டின் மயிர் படுத்துவிடும். பாலியஸ்டர் பஞ்சு தட்டையாகி உப்பலை இழக்கும்.

துணியைப் பொறுத்தும் ஆபத்து மாறும். ஒட்டுப்பசையால் ஒட்டிய கல், மணி, பிளாஸ்டிக் பொத்தான் ஆகியவற்றைப் பெர்க்ளோரோஎத்திலீன் கரைத்துவிடலாம். தண்ணீர் புகாத மெத்தை உறையின் உட்பூச்சு இறுகி வெடிக்கலாம். வாத்து இறகுத் தூவி அடைத்த போர்வையில், தூவிக்கு இயல்பாக உள்ள எண்ணெய்ப்பசை போய்விடுவதால் அதன் உப்பல் குறையும். பட்டிலும் கம்பளியிலும் குளோரின் பிளீச் (வெளுக்கும் மருந்து) பட்டால் இழையே அரித்துப்போகும்.

இன்னொன்று பலரையும் குழப்புகிறது. “கொடுக்கும்போது கறையே இல்லை, திரும்பி வரும்போது பழுப்புத் திட்டு இருக்கிறதே, எப்படி?” என்று கேட்பார்கள். இளநீர், பழச்சாறு, குளிர்பானம் சிந்திக் காய்ந்தால் அதிலுள்ள சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் துணியில் தங்கும். டிரை கிளீனிங் திரவம் எண்ணெயைக் கரைக்கும், சர்க்கரையைக் கரைக்காது. உலர்த்தும் சூட்டில் அந்தச் சர்க்கரை பழுப்பாக மாறும். ஆகவே என்ன சிந்தியது என்று கடையில் சொல்லிவிடுவது உங்கள் பொறுப்பு. சொன்னதைக் கேட்டு அதற்கான மருந்து போட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

கடையிலேயே சேதம் கண்ணில் பட்டால்?

முதல் வேலை, உறையைக் கடையிலேயே பிரிப்பது. “வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் கேட்காதீர்கள். இரண்டு பேராகப் பிடித்து விரித்து, வெளிச்சத்தில் இருபுறமும் பாருங்கள். கையால் தடவிப் பஞ்சு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். முகர்ந்து பாருங்கள்.

சேதம் தெரிந்தால், கடையை விட்டு நகரும் முன் போனில் படம் எடுங்கள். முழுத் துணி தெரியும்படி ஒன்று, சேதம் கிட்டத்தில் தெரியும்படி ஒன்று, கடையின் டோக்கன் அட்டையும் ரசீது எண்ணும் சேர்ந்து தெரியும்படி ஒன்று. உறையையும் டோக்கனையும் தூக்கிப் போடாதீர்கள்.

பணம் கொடுக்கலாமா, வேண்டாமா? கொடுக்காவிட்டால் துணியைத் தர மறுப்பார்கள். வாக்குவாதம் வேறு பக்கம் போய்விடும். கொடுத்து வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் கடையின் பதிவேட்டிலோ ரசீதின் முன்பக்கத்திலோ “சாயம் இறங்கிய நிலையில் பெறப்பட்டது” என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த இடத்தில் வெறும் கையெழுத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சரிசெய்து தருகிறோம் என்று அவர்களே சொன்னால் கொடுக்கலாம். அப்போதும் என்ன சேதம், என்ன செய்யப்போகிறார்கள், எந்தத் தேதியில் தருவார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். தாமதம் உங்கள் வழக்கைச் சற்றே பலவீனமாக்கும், அழித்துவிடாது. தெரிந்த அன்றே படம் எடுத்து, கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்புங்கள். நேரத்தோடு பதிவாகிவிடும். மறுநாள் துணியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

இடையில் செய்யக்கூடாதது ஒன்று: நீங்களாகச் சரிசெய்ய முயலாதீர்கள். எலுமிச்சை, வினிகர், சோப்பு, சோடா என்று வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதைப் போட்டாலும், “சேதம் நீங்கள் செய்ததுதான்” என்று சொல்லக் கடைக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. பாழான துணிதான் உங்கள் முக்கியச் சாட்சி. அதை அப்படியே மடித்து ஒரு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

கடுமையான வாடை வீசினால்?

அந்த ரஜாயை அன்றிரவு யாரும் போர்த்த வேண்டாம். குழந்தை இருக்கும் அறையில் வைக்கவே வேண்டாம். பெர்க்ளோரோஎத்திலீன் ஆவியை அதிகம் சுவாசித்தால் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதும் பொருட்களின் வரிசையில் இதை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, டிரை கிளீனிங்கில் இதைப் பத்தாண்டுக்குள் படிப்படியாக நிறுத்தும்படி 2024 டிசம்பரில் விதி வகுத்தது. பெட்ரோலிய வகைத் திரவமாக இருந்தால் அது தீப்பற்றும். பூஜை விளக்கு, கொசுவர்த்தி பக்கத்தில் வைக்காதீர்கள்.

“காற்றாட விட்டால் வாடை போய்விடுமே, பிறகு எதைக் காட்டுவது?” என்று தோன்றலாம். நியாயமான சந்தேகம். அதனால் வாடை வீசும் துணியை அன்றே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். மறுபடி உலர்த்தித் தரும்படி எழுதிக் கேளுங்கள். கடை மூடியிருந்தால், கடைக்குச் செய்தி அனுப்பிவிட்டு மொட்டை மாடியில் நிழலில் தொங்கவிடுங்கள். உடம்பைவிடச் சாட்சி முக்கியமில்லை.

தவறு யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்குப் போகும் முன் இதை நீங்களே நேர்மையாக யோசித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

கடை காரணமாக இருக்கும் சேதங்கள்: இஸ்திரி தீய்ந்த தடம், கிழிசல், வேறு துணியின் சாயம் ஒட்டியது, உலராத வாடை, துணியின் லேபிளில் சொன்னதற்கு மாறாகச் செய்தது. டிரை கிளீனிங் என்று பணம் வாங்கிக்கொண்டு தண்ணீரில் அலசிவிடுவதும் இதில் சேரும். வளையம் வளையமான நீர்த்தடம், தையல் ஓரமெல்லாம் சுருக்கு விழுந்து துணி அளவு குறைந்திருப்பது ஆகியவை தண்ணீர் பட்டதைக் காட்டும் அடையாளங்கள்.

தயாரித்தவர் காரணமாக இருக்கும் சேதங்கள்: லேபிளில் ‘டிரை கிளீன் செய்யலாம்’ என்று இருக்கிறது, கடையும் அப்படியே செய்தது, ஆனாலும் சாயம் போனது அல்லது ஒட்டிய வேலைப்பாடு உதிர்ந்தது. அப்போது நீங்கள் போக வேண்டியது ரஜாயை விற்ற கடைக்கு. குறையுள்ள பொருளால் வந்த இழப்புக்கு விற்றவரும் தயாரித்தவரும் பதில் சொல்ல நுகர்வோர் சட்டத்தில் இடமிருக்கிறது.

மூன்றாவது, துணியின் வயது. பட்டு வெயிலில் பலமிழக்கும். வருடக்கணக்காக ஜன்னலோரக் கட்டிலில் விரித்திருந்த பட்டு விரிப்பு, பார்க்க நன்றாக இருந்தாலும் இழை நைந்திருக்கும். உருளையில் ஒரு சுற்றுச் சுற்றியதும் மடிப்பு வழியே பிளந்துவிடும். இதற்குக் கடையை முழுதாகக் குறை சொல்வது கடினம். ஆனால் தொழில் தெரிந்த கடைக்காரர் துணியைத் தொட்டுப் பார்த்து, முதலிலேயே உங்களை எச்சரித்திருக்க வேண்டும்.

சரி, ரசீதின் பின்பக்கத்துக்கு வருவோம். அது செல்லுமா?

இதே சென்னையில் இதற்கு ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. லில்லி ஒயிட் என்ற சலவை நிறுவனத்தில் ஒருவர் புதிய புடவை ஒன்றை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தார். புடவை தொலைந்துவிட்டது. ரசீதின் பின்பக்கத்தில், பொருள் தொலைந்தால் அதன் மதிப்பில் ஒரு பகுதியைத்தான் தருவோம் என்று அச்சடித்திருந்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 1966-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது வெளியானது.

நீதிமன்றம் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. காரணத்தை எளிதாகச் சொன்னால் இதுதான்: இப்படி ஒரு நிபந்தனையை அனுமதித்தால், கடை ஒரு விலையுயர்ந்த புதிய புடவையைத் ‘தொலைத்துவிட்டு’, மதிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தானே வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவுக்கும் நேர்மையின்மைக்கும் அது பரிசு கொடுப்பதாகும். அது பொதுநலனுக்கு விரோதம். சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒப்பந்தப் பாடத்தில் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள்.

“அது தொலைந்த புடவை. என்னுடையது தொலையவில்லை, பாழானது. எனக்குப் பொருந்துமா?” என்று கேட்பீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பாருங்கள். ஒரு வேலைக்காக உங்கள் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதைச் சட்டம் ‘ஒப்படைப்பு’ என்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனிப்பாரோ, அப்படிக் கவனிக்க வேண்டும் என்று அதன் 151-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த பிரிவு இழப்பு, அழிவு, சீர்கேடு மூன்றையும் சேர்த்தே பேசுகிறது. பாழாவதும் அதில் அடங்கும்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. துணி அவர்கள் கையில் இருந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே தேவையான கவனம் எடுத்தோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு பொதுவாக அவர்கள் பக்கம் விழுகிறது.

பின்பக்கம் எப்போதுமே செல்லாதா? அப்படியும் நினைத்துவிடாதீர்கள். “இந்தப் பட்டு நைந்திருக்கிறது, மடிப்பில் பிளக்கலாம், சம்மதமா?” என்று குறிப்பிட்டுச் சொல்லி, நீங்கள் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டிருந்தால் அது வேறு விஷயம். அதே பிளவுக்காகப் பிறகு நஷ்டஈடு கேட்பது கடினம். எல்லாருக்கும் பொதுவாக அச்சடித்த வரியும், உங்கள் துணியைப் பார்த்துச் சொன்ன எச்சரிக்கையும் ஒன்றல்ல.

எவ்வளவு கேட்பது நியாயம்?

முதலில், சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். இலவம் பஞ்சோ பருத்திப் பஞ்சோ அடைத்த ரஜாய் கட்டிகட்டியாகிவிட்டால், மெத்தைக் கடையில் பிரித்து, பஞ்சை அடித்துப் பரப்பி, மறுபடி தைத்துத் தருவார்கள். அதற்கு என்ன செலவாகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தச் செலவையும், டிரை கிளீனிங்குக்குக் கொடுத்த பணத்தையும் கேட்கலாம்.

சரிசெய்யவே முடியாது என்றால், புதிய விலை முழுவதையும் கேட்காதீர்கள். பயன்படுத்திய காலத்தைக் கழித்துக் கேளுங்கள். ஓர் உதாரணம்: ரஜாய் 9,000 ரூபாய்க்கு வாங்கியது. ஒன்பது வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் பயன்படுத்திவிட்டீர்கள். மீதி மதிப்பு 6,000 ரூபாய். டிரை கிளீனிங் கட்டணம் 700 ரூபாய். ஆக 6,700 ரூபாய். இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டும் கோரிக்கையைக் கடையும் எளிதில் தள்ள முடியாது, நுகர்வோர் ஆணையமும் மதிக்கும்.

வாங்கிய பில் இல்லையா? கார்டிலோ யுபிஐயிலோ கட்டியிருந்தால் வங்கிப் பதிவு போதும். கல்யாணச் சீரில் வந்ததென்றால் சீர்த்தட்டுப் படமோ வீடியோவோ இருக்கும். அதே வகை ரஜாயின் இன்றைய விலையைக் கடையில் கேட்டு எழுதி வாங்கலாம்.

கடைக்கு எப்படி எழுதுவது?

கோபத்தை விட்டுவிட்டு, விவரத்தை மட்டும் எழுதுங்கள். இந்த அளவு போதும்:

“ஐயா, கடந்த மாதம் 10-ஆம் தேதி, இந்த எண்ணுள்ள ரசீதின்படி, பட்டு மேலுறையும் பருத்திப் பஞ்சும் கொண்ட ஒரு ரஜாயை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தேன். 14-ஆம் தேதி திரும்பப் பெற்றபோது கரையின் சாயம் இறங்கியும் பஞ்சு திரண்டும் இருந்தது. படங்களை இணைத்துள்ளேன். துணி நான் பெற்ற நிலையிலேயே என்னிடம் உள்ளது. நீங்கள் வந்து பார்க்கலாம். இழப்பும் கட்டணமும் சேர்த்து 6,700 ரூபாயை, இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் தரக் கேட்டுக்கொள்கிறேன். இல்லையெனில் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பல வழக்குகள் இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடும். கடைக்காரருக்கும் பெயர் முக்கியம்.

கடை பதிலே தரவில்லை. அடுத்து?

1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் புகாரைப் பதிந்து கடைக்கு அனுப்பிச் சமரசத்துக்கு முயல்வார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அந்த அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் உண்டு.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழக்கறிஞர் வேண்டுமா? வேண்டியதில்லை, நீங்களே மனு எழுதி வாதாடலாம். கட்டணம்? சேவைக்கு நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 700 ரூபாய் சலவைக்கு எதுவும் கட்ட வேண்டாம். காலக்கெடு? சேதம் ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டு. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்; அதற்கான இ-ஜாக்ரிதி தளம் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது.

எந்த ஊர் ஆணையம்? 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே உங்களுக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். செயலி வழியாக வீட்டுக்கு வந்து துணி எடுத்துப் போகும் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் பெங்களூருக்கு அலைய வேண்டாம். மாதவரம் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே உங்கள் முகவரி எந்த ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை 1915-இல் கேட்டு உறுதிசெய்துகொண்டு தாக்கல் செய்யுங்கள்.

துணி எதனால் கெட்டது என்று நிரூபிக்க வேண்டி வந்தால், ஆணையமே அதைத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப முடியும். நீங்கள் துணியைத் தொடாமல் வைத்திருந்ததன் பலன் அப்போதுதான் தெரியும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக ஆவதுண்டு. அந்தப் பொறுமையோடு போங்கள்.

“ஒரு ரஜாய்க்காக இவ்வளவு அலைச்சலா?” என்று வீட்டில் கேட்பார்கள். எல்லாச் சேதத்துக்கும் ஆணையம் வரை போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 400 ரூபாய் தலையணை உறைக்குக் கடிதமே போதும். ஆனால் அம்மா கொடுத்த ரஜாய், விலையுயர்ந்த பட்டு விரிப்பு என்றால் போகத் தயங்காதீர்கள். பொருளின் இழப்போடு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துத் தர உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அடுத்த முறை இது நடக்காமல் இருக்க?

முதல் கேள்வி, டிரை கிளீனிங் தேவைதானா? பூஞ்சண வாடைக்கு மட்டும் என்றால், மழைக்காலம் முடிந்த வறண்ட நாளில் நிழலில் காற்றாடப் போட்டாலே பெரும்பாலும் போதும். ரஜாய்க்குக் கழற்றித் துவைக்கும்படி ஒரு பருத்தி உறை தைத்துவிட்டால், உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்யும் தேவையே வெகுவாகக் குறைந்துவிடும். திரும்பி வந்த துணியைக் கடையின் பிளாஸ்டிக் உறையிலேயே பரணில் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பருத்திப் புடவையில் சுற்றி வையுங்கள்.

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் லேபிளைப் பாருங்கள். வட்டம் போட்டிருந்தால் டிரை கிளீனிங் செய்யலாம். வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் கூடாது. வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பெர்க்ளோரோஎத்திலீன் பயன்படுத்தலாம். ‘எஃப்’ இருந்தால் மென்மையான பெட்ரோலிய வகை மட்டும். வட்டத்தின் அடியில் ஒரு கோடு இருந்தால், மெதுவாகக் கையாள வேண்டிய துணி என்று பொருள். தொட்டிப் படத்துக்குள் ஒரு கை இருந்தால் வீட்டிலேயே கையால் அலசலாம்.

கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். “நீங்களே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா?” பல கடைகள் துணி வாங்கிக் கொடுக்கும் இடம் மட்டும்தான், வேலை வேறெங்கோ நடக்கும். வெளியே அனுப்பினாலும் உங்களிடம் பணம் வாங்கியவரே உங்களுக்குப் பொறுப்பு. “பட்டு ரஜாய் இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?” என்பது அடுத்தது. பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு கடை பாருங்கள்.

பிறகு ரசீதின் முன்பக்கம். ‘போர்வை 1’ என்று எழுதினால் விடாதீர்கள். “பட்டு ரஜாய் 1, சிவப்புக் கரை, பருத்திப் பஞ்சு, மதிப்பு 9,000 ரூபாய், ஒரு மூலையில் எண்ணெய்க் கறை, டிரை கிளீனிங் மட்டும், தண்ணீர் கூடாது” என்று எழுதவையுங்கள். ரசீது தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். சேவைக்கு ரசீது தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது. கொடுக்கும் முன், கடையிலேயே விரித்து இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை இது. “இவ்வளவு கேட்டால் கடைக்காரர் தவறாக நினைப்பாரே” என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல கடைக்காரருக்கும் இதில் பாதுகாப்பு உண்டு: முன்பே இருந்த கறைக்கு அவர்மேல் பழி வராது.

இது நம் பக்கத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டை, மாதவரத்திலிருந்து அதிக தூரமில்லை. சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் அழியாத ஒரு குறி போட்டார்கள். வீட்டுப் பெண்கள் உருப்படியை எண்ணிக் கொடுத்தார்கள், எண்ணி வாங்கினார்கள். யாரும் யாரையும் சந்தேகித்ததாக அதற்குப் பொருள் இல்லை. உங்கள் ரசீதின் முன்பக்கத்தில் எழுதவைக்கும் நான்கு வரியும் அதே குறிதான்.